ஷூப் பெட்டியில் வந்த மைனா

மூடியைத் திறப்பதற்கு முன்பே கடுகக்கா திட்டத் தொடங்கிவிடுவார். குஞ்சு பொரிக்கும் காலத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வரும் ஷூப் பெட்டிகளில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டாக்டருக்கு உதவியாளர். எண்ணெயில் விழுந்த கடுகாக வெடிப்பதால் வந்த பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும்.

நாய்களிடம் மட்டும் அந்தக் குரல் இறங்கும். ஊசி போடும்போது காதருகே ஏதோ முணுமுணுப்பார். மறுநொடியே நாயைக் கொண்டுவந்தவருக்குத் திட்டு விழும்: "பிஸ்கட் குடுக்காதீங்கன்னு போன தடவையே சொன்னேன்ல?"

அன்று பெட்டியில் இருந்தது மைனாக்குஞ்சு.

"தரையில கிடந்துச்சுங்க. பாவம், பறக்கத் தெரியல" என்றார் கொண்டுவந்தவர்.

"கிடக்கல, நடந்துச்சு. எறகு முளைச்சிருக்கே, கண்ணு தெரியலையா? மூணு வாரத்துக்கு மேல கூட்டுல இருந்தாச்சு. இனிமே கீழ தத்தித் தத்தித்தான் பறக்கக் கத்துக்கும். ஆத்தாக்காரி மேல இருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பா. நடுவுல நீங்க யாரு?"

"பூனை தூக்கிட்டா?"

"பெட்டிக்குள்ள வச்சா மட்டும் பறந்துடுமா? எடுத்த எடத்துலயே செடி மறைவுல விட்டுடுங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் கடுகக்காவின் மகள். வெளியூர் வேலையில் நாளைக் காலை சேர வேண்டும். இன்று மாலை பஸ். துணி அடுக்கிவைத்த பை காலையிலிருந்து வீட்டில் இல்லை. போன முறை வேலைக்குப் போன ஊரில் அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் விடுதிக்கே போய் அள்ளிக்கொண்டு வந்தவர் கடுகக்கா. அந்த வேலை அதோடு போயிற்று.

"பை எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும்?"

"மருந்து பீரோவுலதான் இருக்கும். அன்னிக்கு என் செருப்பை அங்கதான ஒளிச்சு வச்ச."

"அங்க போய் சோறு தண்ணி இல்லாம விழுந்து கிடப்ப. யாருடி பாக்கறது?"

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன். இந்த அண்ணன்கிட்ட இப்ப என்ன சொன்ன? அதை எங்கிட்டச் சொல்லு."

பெட்டிக்காரர் மூடியைச் சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"நீங்க இன்னும் போகலையா?" என்று கடுகக்கா அவர்மேல் பாய்ந்தார்.

அவர் போனபின்பும் மகள் நகரவில்லை. கடுகக்கா இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை உருவி மேசைமேல் வீசினார். அது சறுக்கி மகளின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுப்பதற்குள், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஊசித் தட்டை எடுத்துக் குழாயடியில் போட்டு, முதுகைக் காட்டியபடி, மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.