ஒட்டுப்போட்ட குரல்

அந்தப் பெரிய ரயில் நிலையத்தில் அவள் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலை அறியாதவர் எவருமில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் தண்டவாளத்து நாய்கூட எழுந்து பிளாட்பாரம் மாறிப் படுத்துக்கொள்ளும் என்று சுமை தூக்குகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். ஸ்பீக்கர் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து அவள் தொண்டை வற்றக் கத்துவதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படியில்லை. ஊர்ப் பெயர்கள், எண்கள், 'தாமதமாக', 'புறப்படும்' எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பேசிக் கொடுத்துவிடுவாள். நிலையத்து மாடி அறையில் ஒலிப்பதிவாளர் அவற்றை வெட்டி, ஒட்டி, இயந்திரத்தில் ஏற்றுவார். அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு இல்லாத ரயிலைக்கூட வரவழைத்துவிடுவார் மனிதர். ஒன்றில் மட்டும் பிடிவாதம். பேசுவதற்கு முன் அவள் இழுக்கும் மூச்சை வெட்ட மாட்டார். "மூச்சை எடுத்துட்டா பொணம் பேசுற மாதிரி இருக்கும்மா" என்பார். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் கல்யாணத்தில் ஒலிபெருக்கி கட்டியவரும் அவரே. தாலி கட்டும் நேரத்தில் அழுகைப் பாட்டைப் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார், அது வேறு கதை.

ஒரு நாள் காலை, டிக்கெட் கூடத்தில் யாரோ வைத்த பெட்டி வெடித்தது. கவுண்டருக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அவள் கணவன் போய்விட்டான். கரும்புகையிலும் மின்சாரம் மட்டும் போகவில்லை. அலறலுக்கு மேலே அவள் குரல், வராத ரயில்களை நிதானமாக அறிவித்துக்கொண்டே இருந்தது. அதை எவனோ படம் பிடித்துப் போட, தொலைக்காட்சிக்காரர்கள் நாள் முழுக்க ஓட்டினார்கள். நாடே அந்தக் குரலைக் கேட்டு அழுதது.

வானொலியில் அவள் பேச வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. பதிவுக் கருவியோடு ஒலிப்பதிவாளரே வீட்டுக்கு வந்தார். "மனசுல இருக்கறதப் பேசும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

பேசினாள். "இதைச் செஞ்சவங்கள விடக்கூடாது. கண்டுபிடிச்சுக் கோர்ட்டுல நிறுத்துங்க. ஆனா அதுக்காக இன்னொரு ஊர்ல இன்னொருத்தி என்னை மாதிரி உக்காரக் கூடாது. என் புருஷன் பேரைச் சொல்லி யார் வீட்டையும் இடிச்சிடாதீங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினார்.

வானொலியில் வந்தது முதல் வரி மட்டும். "இதைச் செஞ்சவங்கள விடக்கூடாது." பிறகு ஒரு முரசு. பிறகு தலைவரின் பேச்சு. செய்திக்கு முன், படத்துக்கு முன், கடைத்தெருவில், பேருந்தில் என்று எங்கும் அதுதான். பெட்டி வைத்தவர்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள், வெடித்ததில் அவர்களும் செத்தார்கள் என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது கடலுக்கு அப்பால் ஒரு நாடு என்று மறுநாள் உரக்கச் சொல்லிப் படை திரட்டினார்கள். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டதற்கு, போருக்குத் துடித்துக்கொண்டிருந்த சலூன்காரர் சீப்பைத் தூக்கித் தன் கண்ணாடியைக் காட்டினாராம்.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே தம்பி. லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். அம்மா போன பிறகு அவள் கையால் உண்டு வளர்ந்தவன். அவன் படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"யாரைக் கேட்டுடா குடுத்த?"

"நீதானக்கா சொன்ன, விடக்கூடாதுன்னு? ஊரே கேட்டுச்சு. எனக்கு மட்டும் காது இல்லையா?"

"நான் சொன்னதுல கால்வாசிதான்டா அது. மீதிய வெட்டிட்டானுங்க."

"அழுதுக்கிட்டே பேசின. என்ன சொன்னேன்னு உனக்கே ஞாபகம் இருக்காது."

ரயிலில் ஏறும்வரை பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது சட்டம். முழுப் பேச்சையும் ஒரு தடவை கேட்டால் போதும், நின்றுவிடுவான். மாடி அறைக்கு ஓடினாள்.

மேஜை வானொலியில் அதே வரி ஓடிக்கொண்டிருந்தது. முரசுச் சத்தத்துக்கு நடுவே இதுவரை அவள் கவனிக்காத ஒன்று இப்போது காதில் விழுந்தது. வரிக்கு முன்னால், பத்திரமாக, அவளுடைய மூச்சு.

"அண்ணே. இது நீங்க வெட்டினதா?"

அவர் வானொலியை அணைத்தார். "மேலிடத்து ஆளு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டான்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"முழுசையும் குடுங்க. அவன் கேக்கணும்."

"அழிச்சிட்டேன்."

"சரி, நீங்க வாயால சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

ஒயரை நோண்டினார். "அவன் ரயிலேற வரட்டும். இறங்கி வந்து சொல்றேன். சத்தியம்."

படை கிளம்பும் நாளில் பிளாட்பாரம் முழுக்கத் தலைகள். "உன்னோட அந்த அண்ணன் வந்து சொல்லட்டும்க்கா, இப்பவே பையோட வீட்டுக்கு வரேன்" என்று தம்பி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏறத் தயாராக இருந்தவன்தான், ஆனாலும் காத்திருந்தான். மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. பிறகு திரை விழுந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் ஒரு மூச்சு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் சிறப்பு ரயில் புறப்படத் தயாராக உள்ளது. வீரர்கள் ஏறிக்கொள்ளவும்."

அவள் அதைப் பேசவேயில்லை. எங்கெங்கோ கிடந்த சொற்களைப் பொறுக்கி, தையல் காதில் படாமல் ஒட்டியிருந்தார்.

தம்பி சிரித்துவிட்டான். "பாத்தியா, நீயே ஏறச் சொல்லிட்ட."

"நான் இல்லடா! ஏறாத! யாரும் ஏறாதீங்கடா!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். மேலேயிருந்து அவளே மறுபடி, இன்னும் தெளிவாக, இன்னும் நிதானமாக அழைத்தாள். தம்பி படியில் கால் வைத்தான்.

மகனை வழியனுப்ப வந்த ஒரு அம்மாள் இவள் தோளைத் தட்டினாள். "கொஞ்சம் சும்மா இரும்மா. அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னே கேக்க மாட்டேங்குது."