புது ரேமும் மௌனிகாவின் வலது கையும்

திரையில் மணப்பெண்ணின் முகத்துக்கு நிறம் கூட்டிக்கொண்டிருந்தபோது சுட்டி அப்படியே நின்றுவிட்டது. மௌனிகா மவுஸை இழுத்துப் பார்த்தாள், பட்டன்களைத் தட்டிப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் பூபதிராஜா, கீபோர்டை ஒயரோடு பிடுங்கி அவள் தோளில் அடித்தான். இரண்டு மூன்று எழுத்துகள் தெறித்துத் தரையில் உருண்டன.

"புதுசு போட்டும் நிக்குதுன்னா நீ என்னமோ பண்ணித் தொலைச்சிருக்கற!"

கேரள எல்லையோரம் முதலமடையில் அவனுக்கு மாந்தோப்பு இருந்தது. சீசனில் லாரி லாரியாகக் காய் ஏற்றுவான். லாரிக்காரனை அடிப்பான், காய் பறிக்க வந்தவர்களை அடிப்பான், வீட்டுக்கு வந்து மௌனிகாவை அடிப்பான். கல்யாணமான புதிதில் அவள் தடுத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை மட்டும் மறைத்துக்கொள்ளப் பழகினாள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அவள் கூடவே கொண்டுவந்த கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பாள். கொல்லங்கோட்டு ஸ்டுடியோக்களில் அவள் கைவேலைக்கு நல்ல பெயர்.

படங்கள் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டர் திணறியது. அதன் நினைவகமான ரேமைக் கூட்ட வேண்டும் என்றாள். பூபதிராஜாவே கொல்லங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தன் நண்பன் மோகனசுந்தரத்திடம் போய், விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை வாங்கி வந்து, பழைய அட்டைக்குப் பக்கத்தில் செருகினான். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. சில சமயம் காலை முழுக்க ஓடும். சில சமயம் போட்ட உடனே உறைந்துபோகும்.

சூட்டினால் நிற்கிறதோ என்று மௌனிகா கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி மேஜை ஃபேனை வைத்தாள். பயனில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினாள். அப்போதும் நின்றது. தோப்பு மோட்டார் ஓடும்போது வீட்டில் விளக்கு மங்கும் என்பதால் சந்தேகம் அதன்மேல் போயிற்று.

"ஏனுங்க, நான் வேல செய்யறப்ப மட்டும் மோட்டார நிறுத்தி வைக்கலாமுங்களா?"

பதிலுக்குத் தண்ணீர்ச் சொம்பு பறந்து வந்தது. புருவம் கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மாமியார் பழனாத்தாள் மஞ்சளை அப்பிவிட்டு, "அவங்கிட்ட எதும் கேக்காத கண்ணு" என்றாள்.

அவன் லோடு ஏற்றப் போன ஒரு நாளில், மோட்டார் ஓடாத நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அப்போதும் உறைந்தது. கரண்ட் காரணமில்லை. புது அட்டையை உருவிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து வேலை செய்தாள். மெதுவாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் போட்டாள். முதல் படம் திறப்பதற்குள் நின்றது. செருகும் இடத்தில் கோளாறோ என்று அதே இடத்தில் பழையதைப் போட்டாள். ஓடியது. பழுது எதில் என்று இப்போது தெரிந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்பதுதான் தெரியவில்லை. ஆல்பம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால் சொன்னாள்.

"புது ரேம்தானுங்க கோளாறு. உங்க சிநேகிதர்கிட்டச் சொன்னா மாத்திக் குடுத்துருவாருங்க."

"நான் வாங்கியாந்தது கோளாறா?"

அவள் அட்டையை நீட்டினாள். பூபதிராஜா அந்தக் கையைப் பிடித்து மேஜைமேல் அழுத்தி, கழற்றி வைத்திருந்த இரும்பு மூடியின் விளிம்பால் ஓங்கி அடித்தான். விரல்கள் முறியும் சத்தம் அடுப்படியில் இருந்த பழனாத்தாளுக்கே கேட்டது. மௌனிகா அலறியபடி சுவரோரம் சரிந்தாள்.

அவன் கீழே விழுந்த அட்டையை எடுத்துத் தானே செருகி, கம்ப்யூட்டரைப் போட்டு முன்னால் உட்கார்ந்தான். திரை வந்தது. கொஞ்ச நேரத்தில் சுட்டி நின்றது. மறுபடியும் போட்டான். மறுபடியும் நின்றது. அட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

கடையில் மோகனசுந்தரம் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தானாம். "இது கேடான பீஸு மாப்ளே, கவனிக்காமக் குடுத்துட்டேன். அம்மணி கண்டுபுடிச்சுச்சா?"

அவ்வளவுதான் கேட்டான். பூபதிராஜா ஸ்டூலைத் தூக்கி அவன் வாயில் அடித்தான். கண்ணாடி அலமாரியோடு விழுந்தவனை விடாமல் மிதித்தான். தாடை உடைந்து, கண்ணாடித் துண்டுகளின்மேல் பேச்சில்லாமல் கிடந்தான் மோகனசுந்தரம். கடைவீதிக்காரர்கள் சேர்ந்து பூபதிராஜாவைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள்.

விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீசாரில் பிலோமி என்ற பெண் போலீஸும் இருந்தாள். ஈரத்துணி சுற்றிய மௌனிகாவின் கையைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். "கைக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு?"

பழனாத்தாள் முந்திக்கொண்டாள். "மாங்காப் பெட்டி உழுந்துருச்சுங்க. ஊட்டு வேலையில இதெல்லாம் சகஜமுங்க."

மௌனிகா மாமியாரைப் பார்த்தாள். மஞ்சள் அப்பிய அதே கை இப்போது அவள் முதுகில் கிள்ளிக்கொண்டிருந்தது.

"பெட்டி உழுகலீங்க. அவருதான் அடிச்சாரு. இது மொத தடவையுமில்லீங்க."

"பராதி உண்டோ?"

"எழுதிக்கோங்க. புகார் குடுக்கறேன்."

"கட்டுனவனையே ஜெயிலுக்கு அனுப்பறயாடி!" என்று பழனாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டாள். பிலோமி மௌனிகாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஜாமீனில் வந்த பூபதிராஜா நேராகக் கொழிஞ்சாம்பாறையில் மௌனிகா தங்கியிருந்த அவள் அண்ணன் மாரப்பன் வீட்டு கேட்டில் வந்து நின்றான். கல்லெறிந்தான். ஜன்னல் உடைந்தது. அதுவரை சமாதானமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்த மாரப்பன் மண்வெட்டியோடு பாய்ந்தான். மௌனிகா குறுக்கே விழுந்து அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீயும் அவனாட்டம் ஆகோணுமா அண்ணா? உள்ள போ."

கேட்டுக்கு இந்தப்பக்கம் நின்று இடது கையால் போனில் எல்லாவற்றையும் படமெடுத்தாள். அவன் கெட்ட வார்த்தையில் கத்தினான். அவள் போனைக் கீழே இறக்கவில்லை. போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. அவளிருக்கும் பக்கம் வரக்கூடாது என்று அப்புறம் கோர்ட்டும் உத்தரவு போட்டது.

மோகனசுந்தரம் கம்பி கட்டிய தாடையோடு வந்து சாட்சி சொன்னான். வழக்கு நடக்கிறது. மௌனிகாவின் வலது கை மோதிரவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். முதல் சில ஆல்பங்களில் கோடு கோணலாகப் போயிற்று, அழித்து அழித்துப் போட்டாள். இப்போது போவதில்லை.