சாமி இல்லாத பலகை

1913, ஐப்பசி: தாமிரபரணியில் வெள்ளம். சித்தப்பாவின் ஒரே மகள், ஐந்து வயதினள், படித்துறையில் தவறி விழுந்தாள். உடல் மறுநாள் கிடைத்தது. கார்த்திகை: சித்தப்பா ஒரு பலாப்பலகையில் வேலை தொடங்கினார். தை: முடித்தார். மாசி: அப்பலகையின் மீது வேறொருவர் பாலமுருகனை வரைந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயது.

சித்தப்பா பூசையறைகளுக்குச் சாமி படம் செய்து தருபவர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசி, கண்ணாடிக் கல் பதித்து, வண்ணம் தீட்டி, சாமியின் கண்ணைக் கடைசியில் திறப்பார். அந்தத் தடவை மட்டும் சுண்ணத்தோடு ஆற்று வண்டலைக் குழைத்தார். ஒட்டிய துணி மகளின் சிவப்புச் சிற்றாடை. கல்லுக்குப் பதில் அவளுடைய வளையல்களை உடைத்துப் பதித்தார். ஈரம் காயுமுன் பூச்சை உள்ளங்கையால் இழுத்து விடுவார். பிடிக்காவிட்டால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். முடிவில் பழுப்பாக ஒரு பரப்பு நின்றது. ஓரிடத்தில் மட்டும் பூச்சில்லாமல் சிவப்பு தெரிந்தது. உருவம் ஏதும் இல்லை.

அத்தையின் கணவர் வந்து பார்த்தார்.

"என்ன வே, அடிப்பூச்சோட நிக்கீரு? சாமி பாபநாசத்துலேர்ந்து நடந்தா வாராரு?"

"முடிஞ்சிட்டு, அத்தான்."

அவர் சிரித்தார். பிறகு முற்றத்தில் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

அப்பா தம்பியின் மேல் உயிராக இருந்தவர். துக்கத்தால் தம்பிக்குக் கை ஓடவில்லை என்றும், அரைகுறையாக நிற்பதை யாரேனும் முடித்துக் கொடுத்தால் மனம் தேறும் என்றும் நினைத்தார். சித்தியைப் பிறந்த வீட்டில் விட்டுவரச் சித்தப்பா போயிருந்தபோது, டவுனிலிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார். வந்தவர் நல்ல கைகாரர். மேடுபள்ளங்களைக் கூழாங்கல்லால் தேய்த்துச் சமன் செய்து, வெள்ளை பூசி, வேலும் மயிலுமாகப் பாலமுருகனை வரைந்தார். குண்டுக் கன்னம். எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

சித்தப்பா திரும்பி வந்து, பெட்டியைக் கீழே வைக்காமலே பலகையின் முன் நின்றார்.

"எப்படி இருக்காரு பாருலே!" என்றார் அப்பா.

"நல்லா இருக்கு, அண்ணாச்சி."

"கண்ண மட்டும் ஒனக்குன்னு விட்டு வச்சிருக்கு. திற, ராசா."

சித்தப்பா பெட்டியை வைத்துவிட்டுத் தூரிகையை வாங்கினார். கண்ணைத் திறந்தார். அம்மா கற்பூரம் காட்டினாள், அப்பா அழுதார்.

அதன்பின் சித்தப்பா எந்தப் படமும் செய்யவில்லை. அத்தனை உயிருள்ள கண்ணைத் திறந்த கைக்கு வேறென்ன வேண்டும் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்தப் பழுப்பில் அவர் யாரை வைத்திருந்தார் என்பது, என் மகனை எரித்துவிட்டு வந்த இவ்வாண்டில்தான் விளங்கியது. பலகை இப்போது என்னிடம் இருக்கிறது.

செய்யாமல் நிற்பவை:

முருகனைச் சுரண்டுவதா, விடுவதா என்று முடிவு செய்வது.

மகனின் சட்டைகளை யாருக்கேனும் கொடுப்பது.

அவன் முகத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, இரக்கத்தோடு காத்திருக்கும் போட்டோக்காரருக்குப் பதில் சொல்வது.