வேப்பிலை கட்டிய வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவன் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கட்டிய வீட்டில் ஒரு குடியை வைத்துப்பார் என்றும் சேர்த்திருக்க வேண்டும். இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. அது எனக்குச் சோறு போட்டதில்லை. வயிற்றெரிச்சலைத்தான் வாரி வாரிப் போட்டது.

அந்த வீட்டைக் கட்ட என் கழுத்துச் சங்கிலியும் கைவளையும் போயின. நாங்கள் அப்போது எங்கள் மளிகைக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைக்கும் கருவாட்டுச் சிப்பத்துக்கும் நடுவில் பிள்ளைகளோடு குடியிருந்தோம். எலி ஓடாத இடத்தில் ஓர் அடுப்பு, கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்காத ஒரு கதவு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். "முதல்ல ரெண்டு வருஷம் வாடகைக்கு விடுவோம். அப்புறம் நீ ராணி மாதிரி போய் இரு" என்றார் என் புருஷன். நகையைக் கழற்றிக் கொடுத்தவளும் நான், அதை நம்பியவளும் நான்.

குடி வந்தவன் ஒரு துணி வியாபாரி. சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பசறை, லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களில் கூலியாட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்பவன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் என்று என் புருஷன் முன்பணம்கூடக் கேட்கவில்லை. அவன் மனைவிக்கு வாயெல்லாம் சர்க்கரை. வாரம் தவறாமல் கடைக்கு வந்து நிற்பாள். "அக்கா, கூரை ஒழுகுதுக்கா." "அக்கா, கிணத்துல தவளை செத்துக் கிடக்குக்கா." கூரைத் தகரம் பண்டாரவளை வரை ரயிலில் வரும், அங்கிருந்து மாட்டுவண்டியில் வரவேண்டும். வண்டிக்கூலி தகரத்தின் விலையை எட்டிப் பிடிக்கும். கிணறு இறைக்க ஆள், சுவருக்குச் சுண்ணாம்பு, கக்கூஸ் வாளி எடுக்கிறவனுக்குக் கூலி, டவுனுக்கு வரி, எல்லாம் எங்கள் தலையில். மழையில் பின்சுவர் சரிந்தபோது நானே மண் குழைத்தேன். அவள் நிலைப்படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டே, "பாவம்க்கா நீங்க" என்றாள். வாடகையாக வந்ததெல்லாம் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனது.

இரண்டு வருஷம் நாலு வருஷமானது. நான் சண்டை போட்டு, அழுது, சோறாக்க மாட்டேன் என்று உட்கார்ந்து, கடைசியில் தை பிறந்ததும் காலி பண்ணச் சொல்ல வைத்தேன். அவர்களும் தலையாட்டினார்கள். பால் பொங்கவிடப் புதுப் பானைகூட வாங்கிவிட்டேன்.

குறித்த நாளில் போனால் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா, சத்தம் போடாதீங்க. ஆத்தா வந்திருக்கா. சின்னவளுக்கு முத்துப் போட்டிருக்கு."

அம்மை கண்ட வீட்டு வாசலில் எவள் சண்டை போடுவாள்? பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் அசைக்கக் கூடாது. என் ஆயுளில் அன்றுபோல் நான் வாயை மூடியதில்லை. இளநீரும் கேப்பைக் கூழும் நானே கொண்டுபோய் வாசலில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். சின்னவளுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்தபோது நடுப்பிள்ளைக்கும் கண்டுவிட்டது என்றாள். அடுத்து மூத்தவனுக்கு. மாசி போய்ப் பங்குனியும் பிறந்துவிட்டது.

ஒரு மத்தியானம் கூழை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உள்ளே கடுகு வெடித்தது. பின்னாலேயே கருவாடு பொரியும் வாசனை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, கவிச்சி வாசலையே மிதிக்காது. கொல்லைப்பக்கம் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து கருவாட்டைக் கடித்துச் சோறு தின்றுகொண்டிருந்தன. உடம்பில் ஒரு கொசுக்கடிகூட இல்லை. முதல்நாள் நான் வைத்த கூழ் அவர்கள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் கிடந்தது.

அங்கே கத்தியிருந்தால் அவள் அழுது ஊரைக் கூட்டியிருப்பாள். நான் கத்தவில்லை. கடைக்கு வந்து, சாமான் வாங்க வந்த தோட்டத்துப் பெண்களிடமெல்லாம் பக்தியோடு சொன்னேன். "துணிக்காரர் வீட்டுல ஆத்தா இறங்கியிருக்கா தாயி. மூணு பிள்ளைக்கும் முத்து. அந்தச் சேலை மூட்டைமேலதான் படுக்க வச்சிருக்காங்க." அடுத்த சம்பள நாளில் எந்த லயத்திலும் அவனை மூட்டை இறக்க விடவில்லை. ஒரு கங்காணி கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினான் என்று கேள்விப்பட்டபோது என் வயிறு குளிர்ந்தது. சித்திரைக்கு முன்னால் சாவியை என் காலடியில் எறிந்துவிட்டுக் குடும்பத்தோடு தெமோதரைப் பக்கம் போய்விட்டான்.

நான் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என் புருஷன் வழிமறித்தார்.

"மூணு பிள்ளைக்கு அம்மை போட்ட வீட்டுக்கா என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற?"

"அம்மையாவது கிம்மையாவது! அம்புட்டும் பொய்ங்க. கண்ணால பார்த்தேன்."

"ஊரெல்லாம் சொன்னது நீதானே? அப்ப ஆத்தா பேர்ல நீயும் பொய் சொன்னியா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அம்மையைவிட அந்தப் பொய்க்குத்தான் அதிகம் பயந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கக்கூட அவர் சம்மதிக்கவில்லை. வாடகையில்லாமல் இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாலும் குடிவர ஆளில்லை. வரி மட்டும் தவறாமல் கேட்டார்கள். அடுத்த மழைக்கு முன் ஒரு வெளியூர்க்காரன் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டான். அம்மை வீட்டுக்கு ஒரு மடையன் கிடைத்தானே என்று என் புருஷன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மடையனைப் பார்க்கலாம் என்று குடிபுகும் நாளில் போனேன். துணிக்காரன் வண்டியிலிருந்து சேலை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். வாங்கியவன் அவனுடைய மச்சானாம். அந்த வீட்டில் அம்மையே வரவில்லை என்பது என்னைத் தவிர அவர்களுக்குத்தானே தெரியும்!

துணிக்காரன் மனைவி பால் பொங்கவிட்டு, ஒரு தம்ளரில் எனக்கும் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்கக்கா. எல்லாம் ஆத்தா குடுத்தது."

தம்ளரைத் தட்டிவிட்டேன். பால் தரையெல்லாம் ஓடியது. அது இப்போது அவள் வீட்டுத் தரை. அவளே துணி எடுத்துவந்து துடைத்தாள்.