இந்திராணி அக்காவுக்கு வேண்டாத சொல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசிப் புலனக் குழுவில் செய்தி வந்தது: எழுத்தாளர் இந்திராணி காலமானார். அதற்குக் கீழேயே எங்கள் எழுத்தாளர் சங்கத் தலைவர் எழுதியிருந்தார்: “துணிச்சலின் மறுபெயர் மறைந்தது.” எனக்கு அழுகை வரவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சொல்லை அக்கா எவ்வளவு வெறுத்தார் என்று தலைவருக்குத் தெரியும். அக்காவை அறிந்த உங்களுக்கும் தெரியும்.

அக்காவுக்குத் தீவில் டத்தோ கிராமாட்டில் வீடு, கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. தொழிற்சாலைப் பேருந்து கடல் பாலத்தைக் கடக்கிற நேரத்தில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கதை எழுதுவார். ஒரு கலந்துரையாடலில் ஒருவர் அவர் கதையை “துணிச்சலான படைப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அக்கா விடவில்லை.

“ஆம்பள எழுதுனா ஆழம், நான் எழுதுனா துணிச்சலா? ஒரு வரியாச்சும் நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுங்க லா!”

பிறகு, பெண் தொழிலாளர்களிடம் அத்துமீறும் ஒரு மேற்பார்வையாளனைப் பற்றி எழுதினார். சங்கத் தொகுப்புக்கு அனுப்பினார். தேர்வுக்குழுவில் தலைவர், நான், இன்னொருவர் என மூவர். “நல்ல கதைதான். கம்பெனிக்காரன் லாயர் லெட்டர் அனுப்புனா யாரு பதில் சொல்றது?” என்றார் தலைவர். கதை வேண்டாம் என்று மூவருமே கை தூக்கினோம். அக்காவின் பழைய தீபாவளிக் கதை ஒன்றைப் போட்டோம்.

வெளியீட்டு விழாவில் தலைவர் அவரை “துணிச்சல்மிக்க எழுத்தாளர்” என்று மேடைக்கு அழைத்தார். அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கதைய வெளிய தள்ளிட்டு, துணிச்சல மட்டும் உள்ள வச்சிருக்கீங்க. எனக்கு வேணாம். நீங்களே வச்சிக்குங்க, உங்களுக்குத்தான் தேவப்படுது.”

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. நானும்தான்.

வாசலில் மன்னிப்புக் கேட்டேன். “தம்பி, அத எழுதுறப்ப எனக்கு வாந்தியே வந்துச்சு. அவ்ளோ பயம். துணிச்சல்னு சொல்லிட்டா உங்களுக்கு வசதி. பக்கத்துல வந்து நிக்க வேண்டியதில்ல,” என்றார்.

அவரே கதையை நகல் எடுத்துத் தொழிற்சாலைப் பேருந்தில் கொடுத்தார். படித்த இரண்டு பெண்கள் புகார் எழுதினார்கள். மேற்பார்வையாளன் வேலையிழந்தான். அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் பெட்டிகளுக்கு நடுவே நின்றார். சங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நினைவு மலர் போடுகிறார்களாம். கட்டுரை கேட்டுத் தலைவர் அழைத்தார். அந்தக் கதையைப் போட்டால் எழுதுகிறேன் என்றேன்.

“இப்ப எதுக்கு லா அந்தப் பழைய பிரச்சன?”

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. கருமாதியன்று அந்தக் கதையை அச்சிட்டு, வந்தவர்கள் எல்லார் கையிலும் கொடுத்தேன், தலைவர் கையிலும். கடைசிப் பக்கத்தில், அதை வேண்டாம் என்ற மூவரின் பெயர்களும் இருக்கின்றன. முதல் பெயர் என்னுடையது.