முன்னால் மாட்டிய புது டயர்

காலை ஆறு நாற்பது. மதுரை போகும் வழியில், மழை ஈரச் சாலையோரம் திரும்பிக் கிடந்த என் பழைய காரைத்தான் முதலில் பார்த்தேன்.

போன வாரம்தான் அதைச் சின்னாளப்பட்டி நெசவாளர் ஒருவருக்கு விற்றிருந்தேன். விற்கும் முன் டயர் மாற்றப் போனபோது, "புது டயர் ரெண்டையும் பின்னாடி போடுங்க சார், இல்லேன்னா மழையில பின்பக்கம் வழுக்கி வீசிரும்" என்றார் டயர்க்கடைக்காரர். வாங்குபவர் கண்ணில் படட்டுமென்று முன்னால் மாட்டச் சொன்னேன். தேய்ந்து மொட்டையான பின்டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் அடித்தேன். நெசவாளர் முன்சக்கரங்களில் எலுமிச்சையை நசுக்கி, நம்பி ஓட்டிப்போனார்.

இப்போது காரருகே நின்று, நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி அவர் என்னிடமே சொன்னார்: "ஸ்டியரிங்க எம்புட்டு ஒடிச்சும் பின்னாடி இழுத்துருச்சுண்ணே. எனக்குத்தேன் ஓட்டத் தெரியல."

"மழைதானே காரணம்" என்றேன். என் குரலே எனக்கு அருவருத்தது.

பின்சீட்டில் இருந்த அவர் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. சாயம் தோய்க்கும் முன் சுங்குடிச் சேலைக்குக் கையால் முடிச்சுப் போடுவதுதான் அந்த அம்மாவின் பிழைப்பு.