பிரேக் அக்கா கேள்வி கேட்கப் பழகிய கதை

அந்த டிரைவிங் ஸ்கூலின் எல்லா வண்டிகளிலும் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டிப் பழகுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக வைத்தது. மற்ற வண்டிகளில் அது புத்தம்புதிதாகக் கிடக்க, ஒரே ஒரு வண்டியில் மட்டும் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். மாற்றி மாற்றி அலுத்துப்போன மெக்கானிக் ஒருநாள், "ஓட்டுறவங்க பிரேக் தேய்ஞ்சு பாத்திருக்கேன். சொல்லிக்குடுக்குறவங்க பிரேக் தேய்ஞ்சு இங்கதான் பாக்குறேன்" என்றார். அன்றோடு அந்த வண்டியில் சொல்லிக்கொடுப்பவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆள் தங்கமானவள். பழக வருகிறவர் வெயிலில் நடந்து வந்தால் தன் பாட்டில் தண்ணீரைக் கொடுப்பாள். பஸ்ஸைத் தவறவிட்டவரை வீடு வரை கொண்டுபோய் விடுவாள். ஆனால் சாவியைத் திருப்பியதும் வேறு ஆளாகிவிடுவாள். "கிளட்ச்! கிளட்சுன்னேன்ல! கண்ணாடியப் பாருங்க! உங்க மூஞ்சி தெரியிற கண்ணாடி இல்ல, பின்னாடி வண்டி தெரியிற கண்ணாடி!" துணிச்சல்காரர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பாதியிலேயே, "வேற வண்டி கிடைக்குமா சார்?" என்று முதலாளியிடம் காதோடு காதாகக் கேட்டார்கள். ரோட்டில் ஓட்டுவதற்குத் தோல் தடித்திருக்க வேண்டும் என்பது பிரேக் அக்காவின் கட்சி.

அப்படி இருந்தவளிடம்தான் பல் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுத் தோற்று, டெஸ்ட் எடுக்கும் அதிகாரி "வாங்க டாக்டர், சௌக்கியமா?" என்று குசலம் விசாரிக்கும் அளவுக்கு அங்கே பழகிவிட்டவர்.

முதல் நாளே ரவுண்டானா நடுவில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. பிரேக் அக்கா ஆரம்பித்தாள்: "கால எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? டாக்டருக்குப் படிச்சீங்க, இது வரலியா?"

டாக்டரம்மா எப்படியோ வண்டியைக் கிளப்பி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"மேடம், நீங்க திட்டுறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள என்னய நானே திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேரு ஒரே நேரத்துல திட்டினா நான் யாரு சொல்றதக் கேக்குறது?"

இத்தனை வருடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவளிடம் நியாயம் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் நிதானமாகத் துடைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? சொல்லுங்க!"

"இதோ, இப்பக்கூட கத்துறியே" என்றார் அவர். "எனக்குப் பழகிப்போச்சு. கட்டிக்கிட்டேன், கேட்டுக்குறேன். அந்தம்மா காசு குடுத்து எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த வகுப்பில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்து, ஒரு கை நிறைய மிட்டாயுடன் வண்டியில் ஏறினாள். கத்த வேண்டும் போலிருக்கும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். வண்டிக்குள் கடுக் முடுக்கென்ற சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. கடைத்தெரு முனை வந்தபோது டாக்டரம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? நீங்க திட்டினாலே தேவல போல. அப்புறம், இந்த மாதிரி மிட்டாயக் கடிச்சீங்கன்னா சீக்கிரமே என்கிட்ட வந்து வாயத் திறக்க வேண்டியிருக்கும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதே நேரம் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க, வண்டி உதறிவிட்டு நின்றது. பிரேக் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது வசவு. அதை விழுங்கிவிட்டு, வேறு எதுவும் தோன்றாமல், "இப்ப என்ன நடந்துச்சு டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டாக்டரம்மா யோசித்தார். "ஹாரன் கேட்டுச்சு. உடனே, ஐயோ, நம்மால அவருக்கு லேட் ஆகுதேன்னு தோணிச்சு. அப்புறம் கால் எங்க இருக்குன்னே தெரியல."

பிரேக் அக்கா இதுவரை அந்தக் காலையே திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், கால் என்ன செய்யும்? தகராறு காதில் அல்லவா இருக்கிறது!

"சரி, ஹாரன் கேட்டா என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க."

"அவருக்கு அவசரம்னா அது அவரு பாடுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டா?"

"சொல்லித்தான் பாருங்களேன். வாய்விட்டே சொல்லுங்க."

அன்று முழுக்க அந்த வண்டி, "அது உங்க பாடு சார், அது உங்க பாடு" என்று முணுமுணுத்தபடியே ஊர் சுற்றியது. ரவுண்டானாவிலும் நிற்கவில்லை. அடுத்து வந்த டெஸ்டில் டாக்டரம்மா மறுபடி தோற்றார் என்பது வேறு கதை. திரும்பும்போது ஒரு கம்பத்தை உரசிவிட்டார். ஆனால் இந்தத் தடவை அழாமல் வந்து, எங்கே தவறினேன் என்று தானே விளக்கினார். அதற்கடுத்த டெஸ்டில் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அந்த அதிகாரிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

பிரேக் அக்காவுக்குக் கேள்விப் பைத்தியம் பிடித்தது. ஒருநாள் காலையில் கணவர், "என் சாக்ஸ் எங்க?" என்று கேட்டதற்கு, "நீங்க என்ன நினைக்கிறீங்க? உங்களுக்கு வேற என்னென்ன வழி இருக்கு?" என்று கனிவாகத் திருப்பிக் கேட்டாள். அவர் வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பதில் தெரிந்தால் சொல்லிவிட வேண்டும், தெரியாததைத்தான் கேட்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள்.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. வண்டி மாற்றச் சொல்லி அவரிடம் யாரும் வருவதே இல்லையாம். "நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நீங்க ஒரு வகுப்பு எடுத்துருங்கம்மா" என்றார்.

வண்டிக்குள் கர்ஜித்தவளுக்கு மேடை என்றால் ஆகவே ஆகாது. ஸ்கூல் ஆண்டு விழாவில் ஒருமுறை மைக்கைக் கையில் கொடுத்தபோது, அதைப் பத்திரமாகப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தவள். வகுப்புக்கு முந்தின நாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். ரெண்டு வரியில் பேச்சு நின்றுபோனது. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேல? ஒரு வாக்கியம் ஒழுங்கா வருதா?" என்று கண்ணாடியைப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது. அச்சு அசல், ரவுண்டானாவில் டாக்டரம்மாவிடம் பேசிய அதே குரல். மற்றவர்களிடம் விட்டதைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாளே!

வெட்கமாகத்தான் இருந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தன்னிடமே கேட்டாள்: "சரி, இப்ப என்ன நடந்துச்சு?" கூட்டம் பயமாக இல்லை. அவர்கள் எல்லாரும் தினம் தன்னோடு டீ குடிக்கும் ஆட்கள்தான். நின்றுகொண்டு, கையைத் தொங்கவிட்டு, சும்மா பேசுவதுதான் ஆகவில்லை. அப்படியானால் உட்கார்ந்தே பேசினால் என்ன? கையில் ஏதாவது வைத்துக்கொண்டால் என்ன? "என்னம்மா, யாரு கூடப் பேசுற உள்ள?" என்று வெளியிலிருந்து கணவர் கேட்டார். "எனக்கு வேண்டியவங்க கூடத்தான்" என்றாள்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு ஊசியும் நூல்கண்டும் கொண்டுபோனாள். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, தானும் ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே மூத்த ஆசிரியர் மீசைக்காரர். கத்தினால்தான் மண்டையில் ஏறும் என்று அவளுக்கே ஒருகாலத்தில் பாடம் எடுத்தவர்.

"அண்ணே, இந்த ஊசியில நூலக் கோர்த்துக் குடுங்க. மத்தவங்க அண்ணனுக்குச் சொல்லிக்குடுங்க, நாம வண்டியில சொல்லிக்குடுக்குற மாதிரியே."

சொல்ல வேண்டுமா! "நுனிய எச்சில் பண்ணுங்க!" "வெளிச்சத்துல பிடிங்கண்ணே!" "அந்தப் பக்கம் இல்ல!" "இதுகூடத் தெரியலியா?" நூல் ஊசிக்கு இடமும் வலமும் போனதே தவிர உள்ளே போகவில்லை. கடைசியில், "அட, எல்லாரும் வாய மூடுங்கய்யா! என்னய எங்க கோர்க்க விட்டீங்க?" என்று கத்தினார்.

பிரேக் அக்கா கேட்டாள்: "எது இடைஞ்சலா இருக்குண்ணே?"

"ஊசியே தெரியல. கண்ணாடிய வண்டியில வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

யாரோ ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார்கள். நூல் ஒரே நொடியில் நுழைந்தது. அதற்குமேல் அவள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களே தங்கள் வண்டியில் யார் யாரை எப்படி வெருட்டினோம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒருவர் இன்றும் கத்துகிறார். கத்தியபின் "மன்னிச்சுக்குங்க" என்று சேர்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் மீசைக்காரர் அந்த வாரக் கடைசியில் அவள் வண்டிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் தன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று ஆரம்பித்தார். பிரேக் அக்கா யோசனை எதுவும் சொல்லவில்லை. "கடைசியா எப்பண்ணே நல்லாப் பேசுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். போகும்போது, "நானே போய்ப் பேசிக்கிறேன்" என்றார்.

இப்போது பிரேக் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் பழகுகிறாள். சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம். சரி, அந்தப் பயம் என்னதான் சொல்கிறது என்று கேட்போமே என்று சேர்ந்துவிட்டாள். இன்னும் நீந்த வரவில்லை. மிதக்கக் கொஞ்சம் வருகிறது. போன வாரம் கணவர் வேடிக்கை பார்க்க வந்தார். எதையும் நிதானமாகப் பேசுகிற அந்த மனிதர், மனைவி தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்த்ததும் குளத்து விளிம்பில் எழுந்து நின்று, "காலை அடி! காலை அடிம்மா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

அவள் கரையோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, "பயமா இருக்குதாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "ஆமா, கொஞ்சம்" என்றார்.